கோல் போஸ்ட்டில் கட்டிய தாவணிகள்

போன திங்கட்கிழமை காலை. கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் பையோடு ஒருவர் படியேறினார். எங்கள் ஊர் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர்.

பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து மெஷின் மேல் போட்டார்.

“இத்தக் கொஞ்சம் தெச்சிக் குடும்மா கலா. தலைவரோடது. ஜல்தியா வேணும்.”

விரித்துப் பார்த்தேன். நட்டநடுவில் ஒரு பூசணிக்காய் நுழைகிற அளவுக்குக் கிழிசல். ஜரிகை பிரிந்து தொங்கியது.

“உங்க ஃபுட்பால் பொண்ணுங்க பண்ண வேலதான். தலைவருக்கு மனசே ஒடஞ்சி போச்சி. மெட்ராஸ்லருந்து வந்த பெரிய மனுசரு கையால போட்டது. ஞாபகார்த்தமா வெச்சிக்கணும்னு சொல்லிக்கினு இருக்காரு.”

ஞாபகார்த்தமா...? அவ்வளவு ஆசையாக வைத்துக்கொள்ள வேண்டியதை பிளாஸ்டிக் சேரில் போட்டுவிட்டு பிரியாணி சாப்பிடப் போனது யார்?

கேட்கவில்லை. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – எனக்கு நேரில் பேச வராது. எழுதத்தான் வரும். அதுவும் பத்தாங்கிளாஸ் வரைக்கும் படித்த தமிழில். தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து நேற்று வரைக்கும் அந்தப் பொன்னாடை என் கடையில் கண்ணெதிரே கிடந்தது. அதனால் இந்த வாரம் சமையல், பஸ், பக்கத்து வீட்டு நாய் எதுவும் கிடையாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் எங்கள் மகளிர் கால்பந்து கிளப்புக்கு இருபதாம் ஆண்டு விழா. ‘எங்கள்’ என்றால் – ஆமாம், நானும்தான். தொண்ணூற்று மூன்றில் அந்த கிளப் ஆரம்பித்தபோது நான்தான் கோல்கீப்பர். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இதை மட்டும் சொன்னதே இல்லை. சொன்னால் நம்புவீர்களா? ஜாக்கெட் அளவு எடுக்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்காத ஆள் நான்.

எங்கள் கிரவுண்டில்தான் விழா. போனேன். வாசலிலேயே ஒரு பெரிய ஃபிளெக்ஸ். ‘மகளிர் கால்பந்தின் தந்தையே, வருக வருக.’ தலைவரின் படம் ஆள் உயரத்துக்கு. சுற்றிலும் சங்கத்து ஆட்கள், வெள்ளைச் சட்டையில், செல்போனைக் காதில் வைத்தபடி. மூலையில் பந்தை உதைக்கிற பெண் ஒருத்தி... பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்.

தந்தை இருக்கட்டும். பெற்றது யார்?

வாசலிலிருந்து மேடை வரைக்கும் இரண்டு பக்கமும் இப்போதைய டீம் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜெர்சி, ஷூ, ஷின்கார்டு எல்லாம் போட்டபடி. கையில் பன்னீர்ச் செம்பு. சாயங்காலம் லீக் மேட்ச் ஆட வேண்டிய பிள்ளைகள், காலையிலிருந்து வெயிலில் நின்று வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் டீமுக்கு விழா எடுத்தால் சென்டர் ஃபார்வர்டைப் பன்னீர் தெளிக்க நிறுத்துவார்களா?

மேடையில் பொன்னாடை. தலைவருக்கு ஒன்று, துணைத்தலைவருக்கு ஒன்று, பந்தல்காரருக்கு ஒன்று, மைக்செட்காரருக்கும் ஒன்று. போட்டவருக்கே திருப்பிப் போட்டார்கள். பழைய ஆட்டக்காரிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. எங்கள் கேப்டன் தனத்தின் தோளில் போட்டு, போட்டோ எடுத்து, ‘சீக்கிரம் எறங்கும்மா’ என்றார்கள்.

பிறகு தலைவர் மைக் பிடித்தார்.

“நம்ம பொண்ணுங்க நல்லாத்தான் ஆடுவாங்க. ஆனா ஷாட்டுல வெயிட்டு கெடையாது. பந்துக்கு வலிக்குமேன்னு தடவித் தடவி அனுப்புவாங்க.”

கூட்டம் சிரித்தது. இருபது வருஷமாக இதே ஜோக்கைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்.

“நடுவுல கொஞ்ச வருசம் கிளப்பு நின்னு போச்சி. அதுக்கு நாம பொறுப்பில்ல. லேடீஸ்க்கு ஆர்வம் கொறஞ்சி போச்சி. என்னா பண்றது?”

என் பக்கத்தில் தனம் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆர்வம் குறைந்துபோனதா? சரி, சொல்கிறேன். கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களுக்கு டீம் இருந்தது. பத்தாவது முடிந்ததும் டீமும் முடிந்தது. என்னைப் போலப் பலர் வீட்டில் உட்கார்ந்துவிட்டோம். சாயங்காலம் வெளியே போக வேண்டுமென்றால் வீட்டில் சம்மதிக்கிற ஒரே இடம் டெய்லரிங் கிளாஸ். அதனால் எல்லோரும் டெய்லரிங் கிளாஸில் சேர்ந்தோம். டீச்சர் நல்லவர். சீக்கிரம் விட்டுவிடுவார். அங்கேயே பாவாடை தாவணியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, நாங்களே தைத்த பேன்ட் சட்டைக்கு மாறி, ஏரியை ஒட்டின பொட்டலுக்குப் போவோம். இதுதான் கிளப். இப்படித்தான் ஆரம்பித்தது. அந்தப் பொட்டலில் எந்தத் தந்தையையும் நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டு, மேலே கயிறு கட்டினோம். கோல் போஸ்ட் தயார். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பந்து. கோலுக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு. ஒவ்வொரு தடவையும் பந்து உள்ளே போய்விடும். முள்ளுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு வருவதிலேயே பொழுது போய்விடும். பழைய மீன் வலை ஒன்றை வாங்கிக் கட்டினோம். ஒரே வாரத்தில் யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதுதான் தனம் தன் தாவணியை எடுத்து கம்பத்தில் கட்டினாள்.

“ஒங்களுதையும் குடுங்கடி. ஆட்டம் முடிஞ்சா அவுத்துக் கட்டிக்கினு வீட்டுக்குப் போயிடலாம். எவன் திருடுவான்?”

ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டோம். பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள், நைலக்ஸ், வாயில் துணி... தூரத்திலிருந்து பார்த்தால் துணிக்கடைபோல இருக்கும். அதன் முன்னால் நான் நிற்பேன். யார் கண்ணிலும் படாமல் ஓரமாக நிற்கலாம் என்றுதான் கோல்கீப்பர் ஆனேன். கடைசியில் ஊரில் உள்ள எல்லாத் தாவணியையும் காப்பாற்றுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

தனம் காலில் அப்போது அவ்வளவு பலம். அவள் அடித்தால் பந்து என் கையைத் தள்ளிக்கொண்டு போகும். முதல் வாரத்திலேயே என் தாவணி கிழிந்தது. பொங்கலுக்கு எடுத்தது. வீட்டில் ‘முள்ளு மாட்டிக்கிச்சி’ என்றேன். அடுத்தது லதாவின் தாவணி. முள். அடுத்தது அமுதாவுடையது. அதுவும் முள்.

அம்மாக்கள் ரேஷன் கடைக் க்யூவில் சந்தித்துக்கொண்டார்கள்.

“ஏன்க்கா, ஒம்பொண்ணு தாவணியுமா? ஊர்ல இருக்கிற முள்ளு பூரா இதுங்களைத்தான் தேடிக்கினு வருதா?”

விஷயம் அப்பாக்கள் காதுக்குப் போனால் கிளாஸும் கிடையாது, கிளப்பும் கிடையாது. மறுநாளே தனம் சட்டம் போட்டாள்.

“இனிமே யாரும் ஓங்கி அடிக்கக் கூடாது. தரையோட போவணும். மெல்ல. ஓரமா. தாவணி அசையக்கூடாது.”

அதிலிருந்து தினமும் அதையே பழகினோம். பந்தைத் தள்ளுவது. கோலுக்குள் போகணும், ஆனால் துணியைத் தொட்டதும் நிற்கணும். சொன்னால் லேசாக இருக்கும். செய்து பாருங்கள். அவ்வளவு அளவாக அடிக்கிற ஆட்டக்காரர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ஆனால் மேட்ச் ஆடுகிற இடத்தில் தாவணி இல்லையே. அங்கே நிஜ நெட் அல்லவா இருக்கும்?

லீக்கில் எங்களை இரண்டாவது டிவிஷனில் சேர்த்தார்கள். ஒரு வருஷம் நன்றாக ஆடினோம். விழுப்புரத்தில் கடைசி மேட்ச். ஜெயித்தால் முதல் டிவிஷன். அந்த கிரவுண்டில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடினோம். அதை எல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். தனத்திடம் பந்து. எதிர் கோல்கீப்பர் முன்னால் ஓடிவந்து தடுக்கி விழுந்துவிட்டாள். காலி கோல். பின்னால் வெள்ளைவெளேரென்று நெட். இந்தக் கோடியில் நின்று நான் கையைத் தூக்கிவிட்டேன்.

தனம் தள்ளினாள். மெல்ல. தரையோடு. ஓரமாக.

பந்து உருண்டது... உருண்டது... எதிர் டீம் பெண் ஒருத்தி பின்னாலிருந்து ஓடிவந்து, நிதானமாகக் கோட்டுமேல் நிறுத்தி, திருப்பி அடித்தாள். அந்தப் பந்திலேயே எங்கள் பக்கம் ஒரு கோல் விழுந்து, தோற்றோம்.

“ஏம்மா, பந்துக்கு வலிக்கும்னு பாத்தியா?” என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் கேட்டார். ஆமாம், அவரேதான். பின்னாளில் தலைவர் ஆனவர். அன்றைக்கு அடித்த ஜோக் இன்னும் ஓடுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

“நெட்டப் பாத்தன்டி கலா. யார் ஊட்டுத் தாவணியோன்னு காலு தானா சுருங்கிடுச்சி.”

இதுதான் ‘ஷாட்டில் வெயிட் இல்லை’ என்பதன் கதை. இதைச் சொன்னால் யாராவது சிரிப்பார்களா?

அடுத்தது, ஆர்வம் குறைந்த கதை.

நாங்கள் கல் பொறுக்கி, முள் வெட்டி, சமப்படுத்தி வைத்திருந்த அந்தப் பொட்டலை சங்கம் கம்பி வேலி போட்டு கேட் வைத்தது. நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டோம். கேட்டில் போர்டு மாட்டினார்கள். ‘லேடீஸ் டைம்: மதியம் 2 முதல் 4 வரை.’

சித்திரை மாதத்தில் மத்தியானம் ரெண்டு மணிக்கு திண்டிவனத்தில் ரோட்டில் நாய்கூட நடக்காது. செருப்பில்லாமல் காலை வைத்தால் கொப்பளிக்கும். வாட்ச்மேனிடம் கேட்டால், “சாயங்காலம் பசங்க ஆடுவாங்கம்மா. நீங்க இருந்தா அவங்களுக்கு இடைஞ்சல்” என்றார். வெயிலில் ஆடி ஆடிப் பெண்கள் கறுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் யோசித்தார்கள். வீட்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆகிப் போனாள். நானும்தான்.

போர்டில் நேரத்தை இரண்டு மணி தள்ளிப் போட்டிருந்தால் ஆர்வம் எங்கேயும் போயிருக்காது.

திரும்ப ஆரம்பித்தது யார்? அதுவும் சங்கம் இல்லை. தனத்தை கூட்டேரிப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஜங்ஷனில் அவளும் வீட்டுக்காரரும் அவித்த மல்லாட்டை – வேர்க்கடலைதான் – சோளம் எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார்கள். சில வருஷம் கழித்து ஒரு நாள், சுற்றுப்பட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்து, சாயங்கால நேரத்தில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. தினமும் வந்து உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே போகிற பையன்களுக்கே வெட்கமாகி, ‘அக்கா, நீங்க அந்தப் பாதில ஆடுங்க’ என்றார்கள். அப்படி வந்ததுதான் இந்தப் பாதி கிரவுண்ட்.

நெட் மட்டும் வரவில்லை. இருந்தது – சங்க ரூமில் பூட்டி. ஆண்கள் மேட்சுக்கு மட்டும் வெளியே வரும். இந்தப் பிள்ளைகளிடமும் நல்ல பந்து ஒன்றுதான். கோலுக்குப் பின்னால் அதே முள். ஓங்கி அடித்தால் பந்து பஞ்சர். அதனால் என்ன செய்தார்கள்? மெல்லத் தள்ளப் பழகினார்கள். தரையோடு. ஓரமாக. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதில் பெருமுக்கல்லிலிருந்து வருகிற ரேவதி என்று ஒரு பெண். கால்கள் அப்படியே அந்தக் காலத்துத் தனம். அவள் மெல்லத் தள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விழுப்புரம் மேட்ச்தான் ஞாபகம் வரும். வீட்டில் மல்லாட்டைக் கொல்லை வேலை எல்லாம் முடித்துவிட்டு சைக்கிளில் வருவாள். அவள் அப்பா ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறார்: “லீக்குல பேரு இருக்கிற வரைக்கும் ஆடு. அது போச்சின்னா கேக்காத. வர்ற வரன முடிச்சிடுவேன்.”

இந்தச் சீசனில் அந்த லீக்கே போகிற நிலைமை. ஒரு டீம் இரண்டு மேட்ச் ஆடாமல் விட்டால் நீக்கிவிடுவார்கள். எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று போயிருந்தது. நம் கிரவுண்டில் ஆட வேண்டிய அன்று கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கிறது என்று சங்கம் கேட்டைத் திறக்கவில்லை. கடைசி மேட்ச்தான் விழா நடந்த ஞாயிறு சாயங்காலம், விழுப்புரம் டீமோடு. ஜெயிப்பது தோற்பது அப்புறம். ஆட்டம் நடந்தாக வேண்டும். நாங்கள் இருப்பதோ இரண்டாவது டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. வீடுதான்.

விழா முடிந்தது. தலைவரும் மற்றவர்களும் கல்யாண மண்டபத்துக்குப் பிரியாணி சாப்பிடப் போனார்கள். விழுப்புரம் டீம் வந்து இறங்கியது. நடுவர் ஒரு பெண். கையில் விசிலோடு கிரவுண்டைச் சுற்றி வந்தார். கோல் போஸ்ட்டைப் பார்த்தார்.

“நெட் எங்கங்க?”

தனம் செயலாளருக்குப் போன் போட்டாள். நாங்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நெட்டா? அது கிரிக்கெட் பசங்க வாங்கிக்கினு போயிட்டாங்கம்மா. பந்து ரோட்டுக்குப் போவுதுன்னு. இப்ப எங்க போயி தேடறது? இன்னிக்கு நெட்டு இல்லாம ஆடிக்கோங்களேன். லேடீஸ் மேட்ச்தானே.”

லேடீஸ் மேட்ச்தானே.

பந்தல் இருந்தது, ஃபிளெக்ஸ் இருந்தது, மைக்செட் இருந்தது, பிரியாணி இருந்தது. பெண்கள் கால்பந்துக்கு எடுத்த விழாவில் இல்லாத ஒரே சாமான் கால்பந்துக்கு வேண்டிய நெட்.

நடுவர் தலையை ஆட்டினார். “தனம்க்கா, தப்பா நெனைக்காதீங்க. நெட் இல்லாம நான் விசில் ஊத முடியாது. லீக் ரூல். நாலு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஆட்டம் இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவேன்.”

ரேவதி ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். அழவில்லை. அவிழ்த்து, மடித்து, ஷூவுக்குள் வைத்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பின பக்கம் மேடை. மேடையில் வரிசையாக சேர். சேர் எல்லாம் பொன்னாடை. ஆளுக்கு ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிலது தரையில். சிலது கால் மிதித்தபடி.

தனமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலா... ஊசி வெச்சிக்கினு இருக்கியாடி?”

டெய்லர் கைப்பையில் ஊசி நூல் இல்லாமலா? நான் நேராக நடுவரிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரியாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசினேன்.

“மேடம், கொஞ்சம் டைம் குடுங்க. தெச்சிட்றேன்.”

பொன்னாடைகளை மேடையிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடினோம். தனம் தோளில் கிடந்ததையும் உருவிப் போட்டாள். முடிச்சுப் போட்டோம், முடிச்சு நிற்காத இடத்தில் நான் பெரிய தையலாகப் போட்டு இழுத்தேன். விழுப்புரம் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மேட்ச் அவர்களுக்குத்தான். அவர்கள் கேப்டன் ஜெர்சி கையைச் சுருட்டிக்கொண்டு வந்து கம்பத்தில் ஏறினாள்.

“இப்பிடிக் குடுங்கக்கா. எங்க ஊர்லயும் இதே பேஜாருதான்.”

ஒரு பக்கக் கோல் முடிந்தது. அடுத்த கோலுக்குப் பொன்னாடை போதவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தோம். அங்கே இருந்தது அந்த ஃபிளெக்ஸ். கழற்றி எடுத்து வந்து கட்டினோம். தலைவர் கும்பிட்டபடி கோலுக்குள் நின்றார்.

நடுவர் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “திருப்பிக் கட்டுங்க. ஆடுறவங்களுக்குக் கவனம் செதறும்” என்றார்.

திருப்பிக் கட்டினோம். தலைவரும் மற்றவர்களும் வேலிக்கு வெளியே முள்ளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முதுகு. இருபது வருஷமாக அப்படித்தானே இருந்தார்கள்?

நடுவர் ஒரு பந்தை எடுத்துப் பொன்னாடை மேல் எறிந்து பார்த்தார். நின்றது. மறுபக்கம் போய் ஃபிளெக்ஸ் மேலும் எறிந்தார். அதுவும் நின்றது. “பந்து நின்னா நெட்டுதான்” என்று சொல்லி விசிலை வாயில் வைத்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. லீக் பிழைத்தது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் பழைய மாதிரியேதான் ஆடினார்கள். மெல்ல. ஓரமாக. விழுப்புரம் பெண்கள் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் தனம் ரேவதியைக் கூப்பிட்டு, பொன்னாடை கட்டியிருந்த கோலைக் காட்டினாள். இரண்டாவது பாதியில் எங்கள் டீம் அந்தப் பக்கம்தான் அடிக்க வேண்டும்.

“ஏண்டி, இந்தக் காலை ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி என்னா பண்ணப் போற? ஓங்கி அடி.”

“பின்னாடி முள்ளுக்கா. பந்து போயிடும்.”

“போவட்டும்.”

“துணி கிழிஞ்சிடும்க்கா.”

தனம் ரேவதியின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

“நல்லாப் பாரு. அது நம்ம தாவணி இல்ல. கிழிஞ்சா நம்ம ஊட்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

நான் அந்தக் கோலுக்குப் பின்னால் ஊசியோடு நின்றுகொண்டிருந்தேன், எங்கேயாவது பிரிந்தால் தைக்கலாம் என்று. ஆட்டம் முடியப் போகிற நேரம். ரேவதியிடம் பந்து வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் உள்ளங்காலால் ஒரு தள்ளு தள்ளுவாள். கோல்கீப்பரும் அதை எதிர்பார்த்துத் தரையில் குனிந்தாள்.

ரேவதி காலைப் பின்னால் இழுத்தாள்.

சத்தம் எனக்கு இரண்டு தடவை கேட்டது. ஒன்று காலில் பட்டது. இன்னொன்று டர்ரென்று கிழிந்தது. ஜரிகைத் துணியை நடுவில் பிளந்துகொண்டு பந்து என் காதை ஒட்டிப் பறந்து முள்ளுக்குள் போய் விழுந்தது. புஸ்ஸென்று காற்றுப் போகிற சத்தம்.

நடுவர் மையக்கோட்டைக் காட்டினார். கோல்.

பந்து பஞ்சர். அதனால் என்ன? விழுப்புரம் பெண்கள் அவர்களுடைய பந்தைக் கொடுத்தார்கள். மேட்ச் டிரா. ரேவதி கிழிசல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்து, “மன்னிச்சிக்கங்கக்கா, உங்க தையலக் கெடுத்துட்டேன்” என்றாள். என் தையல் அப்படியேதான் இருந்தது. துணிதான் தாங்கவில்லை.

தனம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. விழுப்புரத்தில் அன்றைக்கு அடிக்காமல் விட்ட அடி அது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிரியாணி சாப்பிட்டவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். தலைவருக்கு முதலில் கண்ணில் பட்டது ஸ்கோர் இல்லை. “யாரு ஃபிளெக்ஸத் திருப்புனது?” என்று கேட்டார். அடுத்தது பொன்னாடை.

அதைத்தான் திங்கட்கிழமை என்னிடம் கொண்டுவந்து போட்டார்கள். தைத்துக் கொடு என்று.

தைக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பேச வராதே. அது மட்டுமில்லை, கடைக்கு வந்த துணியைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பழக்கம் இல்லை. வாரம் பூரா யோசித்தேன். லீக் இன்னொரு சீசனுக்கு இருக்கிறது. ரேவதி அப்பா வாக்கு மாறவில்லை. நெட் மட்டும் இன்னும் கிரிக்கெட் பசங்களிடம்தான் இருக்கிறது. கேட்டால், ‘பாக்கலாம்’ என்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் பொன்னாடையையும் கனமான நூலையும் எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். செயலாளர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு தகவல்: உங்கள் துணியைத் தைத்தாகிவிட்டது.

கோல் போஸ்ட்டோடு சேர்த்து.